ஒரே லாகினுக்கு மாறச் சொல்கிறார் மேலாளர்: எங்கே தொடங்குவது, எதை மறுப்பது?

ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணினி நிர்வாகத்தை ஒற்றை ஆளாகக் கவனித்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுமார் இருநூறு பேர் வேலை செய்யும் இடம். மெயில், ஃபைல் சர்வர், கணக்கு மென்பொருள், விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி), உள் விக்கி என்று ஐந்து இடங்களில் ஐந்து தனித்தனிக் கணக்குகள். வேலையை விட்டுப் போன ஒருவரின் விபிஎன் கணக்கை யாரும் மூடவில்லை. பல வாரங்கள் கழித்து அவர் உள்ளே வந்து கோப்புகளை எடுத்தது பதிவுகளைப் புரட்டும்போதுதான் தெரிந்திருக்கிறது. பழி வாசகர் தலையில் விழுந்தது. ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் ஒரே லாகினுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வாசகர் ஒரு பழைய கணினியில் ஓபன்எல்டாப் என்ற டைரக்டரி மென்பொருளை (எல்லாருடைய கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து, செயலிகள் கேட்டால் சரிபார்த்துச் சொல்லும் சர்வர்) நிறுவி, வலையில் கிடைத்த ஓர் அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டு, விக்கியை அதோடு இணைத்துப் பார்த்திருக்கிறார். வேலை செய்கிறது. டைரக்டரியின் நிர்வாகிப் பெயரையும் பாஸ்வேர்டையும் விக்கியின் அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கிறார். இணைப்பு போர்ட் 389-ல், குறியாக்கம் இல்லாமல். "உள் நெட்வொர்க்தானே" என்கிறார். அவருடைய கேள்விகள்: எல்டாப் நல்லதா, மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி நல்லதா? 2021-ல் எல்டாப்பால் பெரிய ஓட்டை வந்தது, அதைத் தொடாதே என்று சக ஊழியர் சொல்வது சரியா? எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் வாங்கிப் புதிய சர்வரில் ஏற்று என்று மேலாளர் சொல்கிறார், செய்யலாமா? கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று: "பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டு என்டர் தட்டினேன், விக்கி உள்ளே விட்டுவிட்டது. என் கண்தான் ஏமாற்றியதா?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கண் ஏமாற்றவில்லை. கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான், அதற்கு வருகிறேன்.

முதலில் பழி பற்றி. ஒருவர் வேலையை விட்டுப் போனார் என்பது உங்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். நாளை எவ்வளவு நல்ல டைரக்டரி வந்தாலும் இது மாறாது. பணியாளர் பிரிவிலிருந்து "இன்னார் இன்ன தேதியோடு விலகுகிறார்" என்ற தகவல் உங்களுக்கு வரும் வழி இல்லையென்றால், ஐந்து கணக்குகளுக்குப் பதில் ஒரே கணக்கு திறந்து கிடக்கும், அது ஐந்து இடங்களையும் திறக்கும். ஆகவே இந்த வேலையைத் தொடங்கும்முன் அந்தத் தகவல் யார் கையிலிருந்து, எப்போது வரும் என்பதை மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பழைய ஊழியர் நுழைந்ததற்கான பதிவுகளைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். அவரை என்ன செய்வது என்பது நிர்வாகமும் அதன் வழக்கறிஞரும் முடிவு செய்ய வேண்டியது. நீங்களாக அவரைத் தொடர்புகொள்ள வேண்டாம்.

இன்னொன்றை இன்றே செய்யலாம், அதற்கு எந்தப் புது மென்பொருளும் வேண்டாம். இப்போது வேலையில் இருப்பவர்களின் பட்டியலை வாங்கி, ஐந்து இடங்களிலும் உள்ள கணக்குகளோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாத பெயர்களை முடக்குங்கள். அழிக்க வேண்டாம், முடக்கினால் போதும். இப்போதைக்குக் காயத்தை மூடுவது இந்த வேலைதான். டைரக்டரி அதற்கு அடுத்தது.

எல்டாப்பா, ஆக்டிவ் டைரக்டரியா?

இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துத் தேர்வு செய்ய முடியாது. எல்டாப் ஒரு நெறிமுறை. டைரக்டரியிடம் எப்படிக் கேட்பது, அது எப்படிப் பதில் சொல்வது என்பதற்கான விதிகள், அவ்வளவுதான். ஆக்டிவ் டைரக்டரி, ஓபன்எல்டாப், 389 டைரக்டரி சர்வர் ஆகியவை அந்த விதிகளின்படி பதில் சொல்லும் சர்வர்கள். 1988-ல் வந்த எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரத்தை அணுகுவது சாதாரணக் கணினிகளுக்குப் பெரிய சுமையாக இருந்தது. இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி ஐபி மேலேயே அதை எளிதாகக் கேட்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான் எல்டாப். முதல் ஆவணம் 1993-ல் வந்தது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 1997-ல் வந்து, 2006-ல் திருத்தி எழுதப்பட்டது. 2000-ல் விண்டோஸ் 2000 சர்வரோடு வந்த ஆக்டிவ் டைரக்டரி எல்டாப்பும் பேசும், கூடவே லாகினுக்குக் கெர்பரோஸ் என்ற டிக்கெட் முறையையும், சர்வர்களைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் என்ற பெயர்-முகவரி சேவையையும் சேர்த்துக்கொண்டது.

ஆகவே உங்கள் தேர்வு வேறு இடத்தில் இருக்கிறது. மேசைக் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ், அவற்றின் லாகினும் கட்டுப்பாடுகளும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்றால் ஆக்டிவ் டைரக்டரிதான் வம்பில்லாத வழி. உரிமக் கட்டணம் தடையாக இருந்தால் சம்பா 4 என்ற இலவச மென்பொருள் அந்த வேலையை ஓரளவு நன்றாகவே செய்கிறது. லினக்ஸ் சர்வர்கள் அதிகம் என்றால் ஃப்ரீஐபிஏ பாருங்கள். அதில் டைரக்டரி, கெர்பரோஸ், சான்றிதழ் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. வெறும் ஓபன்எல்டாப்பை எடுத்து எல்லாவற்றையும் தானே கட்டுவது ஒற்றை ஆளுக்கு நான் பரிந்துரைக்கும் வழி இல்லை. அது மோசமான மென்பொருள் என்பதால் அல்ல. அதில் ஒவ்வொரு பாதுகாப்பு முடிவையும் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும் என்பதால்தான். மேகத்தில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியை யாராவது விற்க வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது நேரடியாக எல்டாப் பேசாது, உங்கள் பழைய கணக்கு மென்பொருள் அதோடு பேச இடையில் இன்னொரு சேவை தேவைப்படும்.

சக ஊழியர் சொல்வதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2021 டிசம்பரில் வெளிவந்தது லாக்4ஜே என்ற ஜாவா பதிவு நூலகத்தில் இருந்த ஓட்டை. பதிவில் எழுதப்படும் ஒரு வரியில் தாக்குபவர் தன் எல்டாப் சர்வரின் முகவரியைச் சேர்த்துவிட்டால், அந்த நூலகம் தானே அங்கே போய் அவர் வைத்த நிரலை இழுத்துவந்து ஓட்டியது. எல்டாப் அதில் ஒரு வண்டி மட்டும்தான், உங்கள் டைரக்டரி சர்வருக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அவர் பயத்தில் பாதி நியாயம் உண்டு. உங்கள் சர்வர்கள் வெளியே கண்ட இடத்துக்கெல்லாம் தானாக இணைப்பு எடுக்கக் கூடாது. டைரக்டரியும் வெளி இணையத்துக்குத் தெரியக் கூடாது. ஆக்டிவ் டைரக்டரி யுடிபி 389-லும் (கேட்டவரின் முகவரி உண்மைதானா என்று சரிபார்க்காத இணைப்பு முறை) பதில் சொல்லும். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் என்பதால் மற்றவர்கள்மேல் தாக்குதல் நடத்த அதைக் கண்ணாடிபோலப் பயன்படுத்துகிறார்கள். ஃபயர்வாலில் இரண்டு திசையையும் மூடுங்கள்.

காலி பாஸ்வேர்டு ஏன் உள்ளே விட்டது?

பெரும்பாலான செயலிகள் பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஒரே ஒரு வழியைத்தான் பயன்படுத்துகின்றன. பயனர் கொடுத்த பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்து டைரக்டரியிடம் "பைண்ட்" கேட்பது. பதில் எண் 0 வந்தால் வெற்றி, 49 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எளிய பைண்டில் பெயர் இருந்து, பாஸ்வேர்டு மட்டும் காலியாக இருந்தால், நெறிமுறை அதைத் தவறான பாஸ்வேர்டு என்று பார்ப்பதில்லை. "யாரென்று நிரூபிக்க விரும்பாதவர்" என்று எடுத்துக்கொள்கிறது. அதை ஏற்கும் சர்வர் அவரை அநாமதேய ஆளாகவே நடத்தும், ஆனால் பதில் எண் 0. விக்கி அந்த 0-ஐப் பார்த்து "பாஸ்வேர்டு சரி" என்று முடிவு கட்டிவிட்டது. சர்வர் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. அந்தப் பதிலைத் தவறாகப் புரிந்துகொண்டது விக்கி.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. எல்டாப்பின் பாதுகாப்பு பற்றிய தர ஆவணமான ஆர்எஃப்சி 4513 இதைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது: செயலிகள் காலி பாஸ்வேர்டை ஏற்கவே கூடாது, சர்வர்களும் இயல்பு நிலையில் இதை மறுக்க வேண்டும் என்கிறது. ஓபன்எல்டாப் இயல்பாக மறுக்கத்தான் செய்யும், 53 என்ற எண்ணோடு. உங்களிடம் அது அனுமதித்திருக்கிறது என்றால், வலையிலிருந்து எடுத்துப் போட்ட அமைப்புக் கோப்பில் "பைண்ட்_அனான்" என்று தொடங்கும் ஓர் அனுமதி வரி இருக்கும். தேடி எடுத்துவிடுங்கள். நாளை ஆக்டிவ் டைரக்டரிக்குப் போனால் நிலைமை நேர் எதிர். அது இத்தகைய பைண்டை இயல்பாகவே ஏற்கும். அதனால் சர்வரில் மட்டும் அடைத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். செயலியிலும் காலிப் பாஸ்வேர்டு தடுக்கப்படுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இனி எந்தச் செயலியை டைரக்டரியோடு இணைத்தாலும், வேலை செய்கிறது என்று அறிவிக்கும்முன் ஐந்து விதமாக லாகின் செய்து பாருங்கள். சரியான பாஸ்வேர்டு, தவறான பாஸ்வேர்டு, காலிப் பாஸ்வேர்டு, முடக்கப்பட்ட ஒரு கணக்கின் சரியான பாஸ்வேர்டு, பயனர் பெயர் கட்டத்தில் வெறும் * குறி. முதலாவது மட்டும் உள்ளே விட வேண்டும். கடைசிச் சோதனை எதற்கு என்றால், பல செயலிகள் பயனர் தட்டியதை அப்படியே தேடல் வரிக்குள் ஒட்டிவிடுகின்றன. எல்டாப் தேடலில் * என்றால் எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். அடைப்புக்குறிகள் வந்தால் தேடலின் அமைப்பே மாறிவிடும். ஒழுங்கான செயலி அடைப்புக்குறியை \28, \29 என்று மாற்றித்தான் அனுப்பும். நம் ஆட்கள் எல்லாரும் நல்லவர்கள் என்பதால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள், ஒருவர் ஏற்கனவே உள்ளே வந்து போயிருக்கிறார்.

விக்கியின் கோப்பில் நிர்வாகிக் கணக்கு

விக்கிக்கு டைரக்டரியில் என்ன தேவை? பயனர் "இன்ன பெயர்" என்று தட்டும்போது அந்தப் பெயர் மரத்தில் எந்தக் கிளையில் இருக்கிறது என்று தேட வேண்டும். கிடைத்த முழு முகவரியோடும் பயனரின் பாஸ்வேர்டோடும் பைண்ட் கேட்க வேண்டும். தேடப் படிக்கும் உரிமை போதும். நீங்கள் கொடுத்திருப்பதோ ரூட் டிஎன், அதாவது டைரக்டரியின் தலைமை நிர்வாகிக் கணக்கு. ஓபன்எல்டாப்பில் அந்தக் கணக்குக்கு எந்த அனுமதி விதியும் பொருந்தாது, எல்லா விதிகளையும் தாண்டிப் போகும். ஒரு அறையைத் திறக்க வேண்டியவரிடம் கட்டடத்தின் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுத்திருக்கிறீர்கள். விக்கியில் ஓர் ஓட்டை வந்தால் இருநூறு பேருடைய கணக்கும் தாக்குபவர் கையில்.

விக்கிக்கென்று தனியாக ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்குங்கள். பெயர், மெயில், குழு ஆகியவற்றை மட்டும் படிக்க விடுங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி சர்வீஸ் அக்கவுண்ட் இருக்கட்டும், ஒன்று கசிந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ரூட் டிஎன்னின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அது விக்கியின் பேக்கப்புகளிலும் இப்போது இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், அனுமதி விதிகள். ஓபன்எல்டாப்பில் விதி எதுவும் எழுதாவிட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பதே இயல்பு. அந்த "எல்லாவற்றிலும்" பாஸ்வேர்டு ஹாஷும் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) அடக்கம். சில லினக்ஸ் தொகுப்புகள் நிறுவும்போதே நல்ல விதிகளைப் போட்டுத் தருகின்றன. நீங்கள் கோப்பை மாற்றி எழுதியதால் அவை போயிருக்கலாம். ஊகிக்க வேண்டாம். வேறொரு கணினியிலிருந்து, எந்தப் பெயரும் கொடுக்காமல் எல்டாப்சர்ச் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பாஸ்வேர்டு வரி திரையில் வந்தால், அந்தச் சர்வரை அதை அடைக்கும்வரை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உள் நெட்வொர்க் என்ற நம்பிக்கை

எளிய பைண்டில் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் போகிறது. சோதனைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, விக்கி சர்வரில் டிசிபிடம்ப் (நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓடவிட்டு, லாகின் செய்து பாருங்கள். நீங்கள் தட்டிய பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து படிக்கும்படி அங்கே கிடக்கும். இதை மேலாளரிடமும் ஒருமுறை காட்டுங்கள், பக்கம் பக்கமாக விளக்குவதைவிட அது வேலை செய்யும். ஒரே லாகின் என்றால் அந்த ஒரு பாஸ்வேர்டுதான் மெயிலுக்கும் கணக்கு மென்பொருளுக்கும். முன்பு ஒரு இடம் கசிந்தால் ஒரு இடம் போகும். இனி அப்படி இல்லை.

வழி இரண்டு. போர்ட் 636-ல் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் என்ற குறியாக்கம், அல்லது 389-ல் இணைந்து ஸ்டார்ட்டிஎல்எஸ் மூலம் குறியாக்கத்துக்கு மாறுவது. தரத்தில் இருப்பது இரண்டாவதுதான், ஆனால் உங்களைப்போல் ஒற்றை ஆளாகப் பார்ப்பவருக்கு 636-ஐயே சொல்வேன். காரணம் உண்டு. குறியாக்கம் இல்லாத பைண்டை மறுக்கும்படி சர்வரை அமைக்கலாம், அமைக்கவும் வேண்டும். ஆனால் தவறாக அமைத்த செயலி ஸ்டார்ட்டிஎல்எஸ் கேட்காமலே பைண்டை அனுப்பினால், சர்வர் மறுக்கும்போது பாஸ்வேர்டு ஏற்கனவே கம்பியில் போய்விட்டிருக்கும். 636-ல் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழைச் சரிபார்ப்பதை எந்தக் காரணத்துக்கும் அணைக்காதீர்கள். இணைப்பு வரவில்லை என்றதும் "சரிபார்க்காதே" என்று அமைப்பில் எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எதிரே இருப்பது உண்மையில் உங்கள் டைரக்டரிதானா என்று தெரியாமல் குறியாக்கம் செய்து அனுப்பினால், பாஸ்வேர்டு பத்திரமாகத் தவறான ஆளிடம் போய்ச் சேரும்.

எக்ஸெல் ஷீட்

செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இருநூறு பேரின் பாஸ்வேர்டு ஒரு கோப்பில் இருந்தால், அடுத்த முறை ஏதாவது காணாமல் போகும்போது யார் பெயரில் பதிவு இருந்தாலும் அது சான்றாகாது. "அட்மினிடமும் என் பாஸ்வேர்டு இருந்ததே" என்று ஒருவர் சொன்னால் போதும். முதல் சந்தேகம் உங்கள்மேல்தான். பலர் அதே பாஸ்வேர்டைத் தங்கள் சொந்தக் கணக்குகளிலும் வைத்திருப்பார்கள். அவற்றைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை.

மேலாளரின் நோக்கம் நியாயமானதுதான், ஊழியர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் மாற வேண்டும் என்கிறார். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு கொடுத்து, முதல் லாகினில் மாற்றச் சொல்லுங்கள். இதில் ஒரு சிக்கல்: பைண்ட் மட்டும் செய்யத் தெரிந்த செயலிகளுக்கு "பாஸ்வேர்டை மாற்று" என்ற திரையைக் காட்டத் தெரியாது, "லாகின் தவறு" என்று மட்டும் சொல்லும். அதனால் பாஸ்வேர்டு மாற்றுவதற்கென்றே ஒரு தனிப் பக்கத்தை முதலில் தயார் செய்துவிட்டுத்தான் தற்காலிகப் பாஸ்வேர்டுகளைக் கொடுக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் ஏற்கனவே கணக்கு உள்ளவர்களின் ஹாஷை மட்டும், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமலே, ஓபன்எல்டாப்புக்கு அப்படியே கொண்டுபோகவும் முடியும். மேலாளருக்கு எழுதும்போது "முடியாது" என்று தொடங்க வேண்டாம். மாற்று வழியை முதலில் வைத்து, ஷீட் ஏன் நிறுவனத்துக்கே ஆபத்து என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் மெயிலில் அனுப்புங்கள்.

கணக்கை முடக்கினால் ஆள் வெளியேறிவிடுவாரா?

உடனே அல்ல. டைரக்டரியில் முடக்கினால் அடுத்த பைண்ட் தோற்கும், அவ்வளவுதான். ஏற்கனவே திறந்திருக்கும் விக்கி அமர்வு தொடரும். ஆக்டிவ் டைரக்டரியில் ஏற்கனவே வாங்கிய கெர்பரோஸ் சர்வீஸ் டிக்கெட் அதன் ஆயுள் முடியும்வரை செல்லும், இயல்பான ஆயுள் 10 மணி நேரம். எஸ்எஸ்எச் சாவி (சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் கோப்பு) வைத்து நுழைபவருக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை என்பதால், பாஸ்வேர்டைப் பூட்டுவது அவரைத் தடுக்காது. விபிஎன் சான்றிதழும் அப்படியே. ஆகவே விலகுபவர்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: கணக்கை முடக்கு, அமர்வுகளைத் துண்டி, சாவிகளை நீக்கு, சான்றிதழை ரத்து செய்.

ஒரு மாதக் கெடு பற்றி: ஐந்தையும் ஒழுங்காக மாற்ற அது போதாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். முதலில் விபிஎன், அதுதான் ஓட்டை வந்த இடம், கூடவே இரண்டாம் அடையாளச் சோதனையும் வேண்டும். அடுத்து மெயில். இந்த இரண்டும் ஒரு மாதத்தில் முடியும். விக்கி கடைசியாக வரட்டும். கணக்கு மென்பொருளை விற்றவரிடம் 636 போர்ட்டில் சான்றிதழ் சரிபார்ப்போடு இணையுமா என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு தொடுங்கள். பழைய கணினி சோதனைக்கு மட்டும் இருக்கட்டும். டைரக்டரி நின்றால் இனி எல்லாமே நிற்கும் என்பதால் உண்மையான சேவைக்கு இரண்டு சர்வர்கள் வேண்டும். இரண்டாவது சர்வரைப் பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றில் தவறி அழித்தது அடுத்த நொடியே மற்றதிலும் அழியும். தினமும் தனியாக நகல் எடுத்து, ஒருமுறை மீட்டும் பாருங்கள். ஒவ்வொரு சர்வரிலும் டைரக்டரியைச் சாராத ஒரு அவசர நிர்வாகிக் கணக்கு இருக்கட்டும். அதன் பாஸ்வேர்டு மூடிய உறையில் மேலாளரிடம் இருக்கலாம்.